முகடு ஓடும், கூட்டம் நடக்கும்

துறைமுகத்தில் முகத்துக்கு நேரே அவளை மேடம் என்பார்கள், முதுகு திரும்பியதும் அலாரம் என்பார்கள். அவள் அலுவலகப் படியேறும்போது கீழே கயிறு சுற்றுகிறவர்கள், "அலாரம் மேல போகுது, இன்னிக்கு எத்தன மணிக்கு அடிக்குமோ" என்று சிரிப்பார்கள். மெல்லத்தான் பேசுவார்கள். ஆனால் அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும், பாவம்.

அவளுடைய வேலை அலைகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது. அலுவலகத்தின் உச்சி மாடியில் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த அறை. உப்புக்காற்று கண்ணாடியில் பூசிவிட்டுப் போவதைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். வெளிக்கடலில் நங்கூரம் போட்ட மஞ்சள் மிதவை ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு உயரம் எழும்புகிறது, ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை நொடி இடைவெளி என்பதெல்லாம் அவள் திரையில் கோடாக ஓடும். தூரத்துப் புயல்களைப் பற்றிய அறிக்கைகளும் அங்கேதான் வரும். எந்த அலை எப்போது இங்கே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

இத்தனைக்கும் அவள் கடலைப் பார்த்து வளர்ந்தவள் அல்ல. அப்பா பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அந்த ஊரில் குளம்கூட வற்றிப்போய்க் கிடந்தது. பரீட்சை எழுதி, அலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண் வாங்கி, வேலையில் சேர்ந்த அன்றுதான் முதல் அலையைக் கண்ணால் பார்த்தாள். செருப்பு நனைந்ததும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாளாம். அதைப் பார்த்துச் சிரித்த இழுவைப்படகுக்காரன் மறுநாளே மாடியேறி வந்து, அலை நிலவரம் கேட்டான். அதற்கடுத்த நாளும் வந்தான். கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி கிடந்த நாட்களிலும் காலையும் மாலையும் வந்து அக்கறையாக விசாரித்தான். இவ்வளவு பொறுப்புள்ள மாலுமியை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வருடக் கடைசியில் கல்யாணம் ஆயிற்று.

அவனுக்கு ஒரே தங்கை. கடலலையை மறிக்கிற தடுப்புச்சுவருக்கு உள்பக்கம், தண்ணீர் விளிம்பை ஒட்டி கேன்டீன் நடத்துகிறவள். நாத்தனார் என்றால் வத்தி வைக்கிறவள் என்று உலகமே பேசும். இங்கே கதை வேறு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சினேகிதம். "அண்ணி, டீ" என்று கீழிருந்து ஒரு குரல் வந்தால், உச்சி மாடியிலிருந்து இவள் இறங்கி வந்துவிடுவாள். இடையில் மாட்டிக்கொண்டு கேலிக்கு ஆளானவன் அவன்தான்.

அந்தச் சினேகிதம் ஒரு அலையில் போயிற்று.

சமுத்திரத்தின் மறுபக்கம் பெரும்புயல் ஒன்று மூண்டிருப்பதாக அறிக்கை வந்தது. எவ்வளவு தூரம், முகட்டுக்கு முகடு எத்தனை நொடி, எல்லாம் அதில் இருந்தது. இடைவெளி தெரிந்தால் முகடு ஓடுகிற வேகம் தெரியும். தூரத்தை வேகத்தால் வகுத்தாள். நண்பகல் என்று விடை வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: "நண்பகலில் பேரலை. படகுகளை மேலே ஏற்றுங்கள்."

துறைமுகமே வியர்த்தது. படகுகளை இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். நாத்தனார் அடுப்பு, பெஞ்சு, பாத்திரம், கண்ணாடி ஜாடி என்று ஒன்று விடாமல் அலுவலக மாடிக்குக் கொண்டுபோனாள். நண்பகல் வந்தது, அலை வரவில்லை. பிற்பகலும் போயிற்று. கடல் அன்றைக்கென்று அப்படியொரு சாதுவாக இருந்தது. சாயங்காலம் ஒருவன் அவள் ஜன்னலைப் பார்த்து, "மேடம், அலாரத்தைத் தப்பா திருகிட்டீங்களா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அன்றைக்குப் பிறந்ததுதான். சிரித்துவிட்டு, படகுகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். நாத்தனார் சாமான்களை எல்லாம் கீழே கொண்டுவந்து, மறுநாள் வியாபாரத்துக்கு மாவு பிசைந்து வைத்தாள்.

மறுநாள் காலை, ஊர் பல் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அலை வந்தது. தடுப்புச்சுவரின் நடுவில் ஒரு கட்டடம் அகலத்துக்கு வாயைப் பிளந்துவிட்டுப் போயிற்று. படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. கேன்டீனில் மிச்சம் இருந்தது நான்கு தூணும் மேற்கூரையும். நல்லவேளை, உயிர் ஒன்றும் போகவில்லை.

அலுவலகம் அவளைக் குறை சொல்லவில்லை. அலை வரும் என்றாள், வந்தது, முன்கூட்டியே எச்சரித்தாகிவிட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஆனால் வராத நேரத்தைச் சொல்லி ஊரை அலையவிட்டு, வந்த நேரத்தில் ஊரை அசட்டையாக இருக்கவிட்டவள் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அன்று முதல் அண்ணி என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. இவள் எதிரே நின்றுகொண்டிருப்பாள், அவளோ அண்ணனிடம், "அண்ணே, அவங்களுக்கு டீ வேணுமான்னு கேளு" என்பாள். அவனும் பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியிடம் திரும்பி, "டீ வேணுமாம்மா?" என்று கேட்பான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இவள் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தப்பு எங்கே என்று தேடித் தேடி அவள் இளைத்துப்போனாள். புயல் இருந்த இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார்களோ என்று பார்த்தாள். இடைவெளியைத் தப்பாக அளந்தார்களோ என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணக்கு சரி, விடை தப்பு. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

விடுமுறை நாள் ஒன்றில் கணவன் அவளைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. காற்றே இல்லாத காலை, கண்ணாடித் தண்ணீர். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போயிற்று. அதன் பின்னால் ஏழெட்டு அலைகள் ஒரு கூட்டமாகக் கிளம்பி, அமைதியான தண்ணீரில் நகர்ந்தன. அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது.

"என்னங்க, கடைசியா வருதே அந்த அலை, அது கூடவே போங்க. முந்தாதீங்க, பிந்தாதீங்க."

"அலையத் துரத்தச் சொல்ற ஒரே பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா" என்று முணுமுணுத்தபடி அவன் விசையைத் தள்ளினான். கூட்டத்தின் வால்பக்கம் முளைத்திருந்த அந்த முகட்டுக்குப் பக்கத்திலேயே, அதே வேகத்தில் படகை ஓட்டினான். அதில் அவன் சூரன். முகடு வளர்ந்தது. கூட்டத்தின் நடுவுக்கு வந்தபோது நன்றாக நிமிர்ந்து நின்றது. பிறகு குறுகியது. முன்வரிசைக்கு வந்ததும் தேய்ந்து தேய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிற்று. படகு வெறும் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடி அலை? நான் முந்தவே இல்ல. சத்தியமா கூடவேதான் வந்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அலைக்கூட்டம் பின்னால், சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. அதன் வாலில் புது முகடு ஒன்று அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ போலாங்க."

போனார்கள். மறுபடியும் முகடு அவர்களை முன்னால் இழுத்துப்போய் அநாதையாக விட்டது. மூன்றாம் முறை அவள் முகட்டை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவிலேயே இருக்கச் சொன்னாள். அவன் விசையைக் குறைத்தான், குறைத்தான், வேகம் பாதியாகும்வரை குறைத்தான். அப்போதுதான் படகு கூட்டத்தோடு கூட்டமாகப் போயிற்று. முகடுகள் பின்னாலிருந்து வந்து, படகைக் கடந்து, முன்னால் ஓடிச் செத்துக்கொண்டிருந்தன. ஊர்வலத்தில் பின்னால் நிற்கிற ஒவ்வொருவனும் முன்வரிசைக்கு ஓடிப்போய் மறைந்துவிடுகிற மாதிரி. ஊர்வலம் மட்டும் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

"பாதி" என்றாள். பிறகு எழுந்து நின்று, படகு ஆடுவதைக்கூடப் பார்க்காமல், "பாதிங்க! பாதி வேகம்!" என்று கத்தினாள். அழுதாள், சிரித்தாள், அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். முகடு ஓடுகிறது, ஆனால் அடிக்கிற பலம் கூட்டத்தோடு நடந்துதான் வருகிறது. நண்பகல் என்று அவள் சொன்னது, எங்கேயோ பாதி வழியில் செத்துவிட்ட முகடுகளின் நேரம். கூட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும். மறுநாள் காலை என்று கணக்குப் பொருந்தி வந்தது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை இறக்கினாள். முகட்டின் வேகம் தனி, கூட்டத்தின் வேகம் தனி, எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற விளிம்பின் வேகம் தனி என்று ஒரு அத்தியாயமே இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் 'முக்கியம்' என்று வேறு எழுதியிருந்தது. இதே கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றான் கணவன்.

"சுரைக்காய் மேல தப்பு இல்லங்க. கறி வைக்கத் தெரியாம நான்தான் அடுப்பப் பத்தவச்சுட்டேன்" என்றாள் அவள். அன்றைக்கு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

அதன்பின் வந்த சின்னச் சின்ன அலைகளை எல்லாம் அவள் புதுக்கணக்கில் சொன்னாள். சொன்ன நேரத்தில் வந்தன. துறைமுகப் பொறியாளர் மட்டும் அதைக் கவனித்தார், அவர் கவனிக்கிற மனிதர். மற்றவர்களுக்கு அவள் அலாரம்தான். ஒரு தடவை சூடுபட்ட பூனை, பாலைக் கண்டாலே ஓடியது.

சுவரில் விழுந்த அந்த வாயை அடைக்க ஒரு கான்கிரீட் பெட்டி கட்டினார்கள். பெட்டி என்றால் கையில் தூக்குகிற பெட்டி அல்ல, மூன்று மாடி வீடு. உள்ளே கூடாக இருப்பதால் மிதக்கும். இழுவைப்படகால் இழுத்துவந்து, பிளவுக்கு நேரே நிறுத்தி, மடைகளைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டால், மெல்ல இறங்கிக் கல்படுகையில் உட்காரும். அப்புறம் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டால் எமனே வந்தாலும் அசைக்க முடியாது. ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும்போது பேரலை வந்தால் பெட்டி உடையும், பக்கத்தில் நிற்கிற படகும் உடையும். பக்கத்தில் நிற்கப்போகிற படகு அவள் கணவனுடையது.

பெட்டியை இறக்குவதென்று குறித்த நாளுக்கு முந்தைய சாயங்காலம், தூரத்தில் மறுபடியும் ஒரு புயல். விடிந்தால் வேலை. எல்லோரும் பொறியாளர் அறையில் கூடினார்கள். சுவர் வேலையின் தலைமை மேஸ்திரி, அவள் அன்றைக்குப் போட்ட அதே பழைய முறையில் கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"காலைலயே அலை வந்துடும் சார். தள்ளி வச்சுடலாம்."

"தள்ளி வச்சா அடுத்த வாரத்துலேர்ந்து கடல் கெட்டுப்போகும். அப்புறம் ஆறு மாசத்துக்குப் பெட்டிய தண்ணில இறக்கவே முடியாது. இந்த ஓட்டையோட இன்னொரு பருவத்தத் தாண்டுமா இந்தத் துறைமுகம்?" என்ற பொறியாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம்."

"சாயங்காலம் சார். பொழுது சாயுற நேரம். அதுக்கு முன்னாடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ரொம்ப நீளமா, ரொம்பச் சன்னமா கொஞ்சம் வரும். அது முன்னோடி. நீள இடைவெளி இருக்குற அலைக்கு வேகம் அதிகம், அதான் முதல்ல வந்துடுது. அதுல பலம் இருக்காது."

"அலாரம்..." என்று ஆரம்பித்த மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேடம், அன்னிக்கும் இப்படித்தான் உறுதியா சொன்னீங்க" என்றார்.

"ஆமா. அன்னிக்கு முகட்டோட வேகத்த வச்சுச் சொன்னேன். தப்பு என்னோடதுதான். இன்னிக்குக் கூட்டத்தோட வேகத்த வச்சுச் சொல்றேன்."

பொறியாளர் மேசையைத் தட்டினார். "காலைல இறக்குறோம்."

விடிந்ததும் கேன்டீன் வழியாக அவள் போனபோது நாத்தனார் வாசலில் நின்றாள். பின்னால் வந்த அண்ணனைப் பார்த்து, "அண்ணே, சாமானெல்லாம் மேல ஏத்தணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

அவன் கேட்பதற்குள் இவள் நேராகவே சொன்னாள். "ஏத்த வேணாம். அலை வர்றதுக்குள்ள பெட்டி உக்காந்துடும்." நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.

காலை முழுவதும் கடல் சமர்த்தாக இருந்தது. மேஸ்திரி சொன்ன நேரம் வந்தது, போயிற்று. அலையைக் காணோம். பெட்டி மெல்ல நகர்ந்து பிளவுக்கு நேரே வந்து நின்றது. கணவனின் படகு கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டது. மடைகளைத் திறந்தார்கள். மூன்று மாடி வீடு அங்குலம் அங்குலமாக முழுக ஆரம்பித்தது. உச்சி மாடியில் அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தொடவும் இல்லை.

பெட்டி பாதி முழுகியிருந்தபோது திரையில் கோடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கியில் மேஸ்திரி அலறினார்.

"பெட்டி ஆடுது! அலை வந்துடுச்சு! சார், மடைய மூடச் சொல்லுங்க, தண்ணிய இறைச்சுத் திருப்பி மிதக்க விடலாம்!"

கேன்டீனின் நான்கு தூண்கள் அவள் கண்முன் வந்து நின்றன. அன்றைக்குக் கேட்ட சிரிப்பும் காதில் கேட்டது. இன்றைக்கும் கணக்குத் தப்பாகப் போனால் சிரிக்கக்கூட ஆள் இருக்காது, கயிற்றின் அந்த முனையில் இருப்பவன் அவள் புருஷன். திரையை உற்றுப் பார்த்தாள். உயரம் ஒரு சாண்கூட இல்லை. முகட்டுக்கு முகடு இடைவெளி மட்டும் மிக நீளம். சாப்பாட்டுக்கு அப்புறம் என்றாள், சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்திருக்கிறது. வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தாள்.

"மேடம், நிறுத்தணுமா, இறக்கணுமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க." பொறியாளரின் குரலில் பயம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

"இறக்குங்க சார். இது நேத்து சொன்ன முன்னோடி. இது நான் சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சுன்னா, பின்னாடி வர்ற கூட்டமும் நான் சொன்ன நேரத்துக்குத்தான் வரும். இப்ப மிதக்க விட்டா, சாயங்காலம் பெட்டி நடுவழில மாட்டும்."

பிறகு இன்னொரு குரல், அவள் தினமும் கேட்கிற குரல், வாக்கிடாக்கியில் வந்தது.

"மேஸ்திரி, கயிறு என் கைல பத்திரமா இருக்கு. நான் முகட்டத் துரத்திப் பார்த்தவன். கூட்டம் இன்னும் வரல. நீங்க இறக்குங்க."

இறக்கினார்கள். பெட்டி அந்தச் சன்ன அலையில் தொட்டில் மாதிரி அசைந்து அசைந்து இறங்கி, கடைசியில் அடியில் எங்கேயோ 'தும்' என்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. சுவரின் மேல் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் உள்ளங்காலில் ஏறியது. மேஸ்திரி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கோலைத் தூக்கித் தலைக்கு மேல் ஆட்டினார். மணல் குழாய்கள் கொட்ட ஆரம்பித்தன. திரையில் முகட்டுக்கு முகடு இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்தது, உயரம் ஏறிக்கொண்டே வந்தது. எல்லாம் அவள் போட்ட கணக்குப்படி, ஒழுங்காக, கட்டுப்பட்டு.

மணல் நிரம்பி, இழுவைப்படகு கயிற்றை அவிழ்த்து உள்ளே வந்து கட்டியாகிவிட்டது. சூரியன் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தபோது கூட்டம் வந்தது. முதல் பேரலை நேரே பெட்டியின் மார்பில் மோதி, கட்டட உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, கிளம்பிய இடத்திலேயே விழுந்தது. பெட்டி அசையவில்லை. அடுத்ததும் மோதியது. அடுத்ததும். சுவருக்கு உள்பக்கம் படகுகள் தூங்குகிற மாடுகள் மாதிரி நின்றன. ஊரே சுவரோரம் கூடி, ஒவ்வொரு அலைக்கும் கைதட்டியது. தோற்றுப்போன கடலுக்கு அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

அவள் மாடியை விட்டு இறங்கி வந்தபோது கயிறு சுற்றுகிறவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன், "அலாரம் சரியா அடிச்சுருச்சுடோய்!" என்று உரக்கவே, முகத்துக்கு நேரே கத்தினான். அவளுக்கு முதல்முறையாக அந்தப் பெயர் பிடித்திருந்தது. மேஸ்திரி அருகே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் நிற்கவில்லை. அவள் போக வேண்டிய இடம் வேறு.

கேன்டீனில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கணவன் நனைந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தரையில் பாத்திரங்கள், மூலையில் மாவு டப்பா, விளிம்போரத்து அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். எல்லாம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவருக்கு அப்பால் மோதுகிற ஒவ்வொரு அலைக்கும் ஜாடிகள் மெல்லக் கிணுகிணுத்தன.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் டீயை ஆற்றிக்கொண்டு வந்தாள். பழக்க தோஷத்தில் அண்ணன் பக்கம் திரும்பினாள், பிறகு திரும்பி இவளை நேராகப் பார்த்தாள்.

"உள்ள வாங்க அண்ணி, டீ ஆறிடும்" என்றாள். தம்ளரை இவள் கையில் வைத்துவிட்டு, கையை விடாமல் சொன்னாள்: "நீங்க சொன்னீங்கல்ல. ஒரு ஸ்பூனக்கூட நான் மேல ஏத்தல."